திண்ணையில் உட்கார்ந்த வசூல்

இந்த வழக்கில் என் கட்சிக்காரர் பணம் பாக்கி வைத்திருந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. வாங்கிய கடன் 40,000 ரூபாய், வாரத் தவணை 870 ரூபாய், மொத்தம் 52 வாரம், கட்டியது 31 வாரம், கட்டாதது 21 வாரம் என்று புகார் மனுவின் மூன்றாம் பத்தியிலேயே எழுதிவிட்டேன். டைப் செய்துகொண்டிருந்த ஜூனியர், “நாமளே இப்படி ஒத்துக்கிட்டா எதிர்த்தரப்புக்கு வேலையே இல்லையே சார்” என்றார். அந்த வேலையை அவர்களுக்கு மிச்சப்படுத்தத்தான் எழுதினேன். கடன் வசூல் சம்பந்தமான நுகர்வோர் வழக்குகளில் நிதி நிறுவனத்தின் வக்கீல் எழுந்ததும் சொல்லும் முதல் வாக்கியம், “இவர் வாங்கிய பணத்தைக் கட்டாதவர்” என்பதாகத்தான் இருக்கும். அதை நாமே முதலில் சொல்லிவிட்டால், அப்புறம் பேச மிச்சமிருப்பது வசூலித்த விதம் ஒன்றுதான்.

கட்சிக்காரர் மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பவர். ஓவர்லாக் மெஷின் வாங்குவதற்காக 2022 ஜூலையில் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் குழுக் கடன் எடுத்தார். குழுவில் பத்துப் பெண்கள். செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம், அங்கேயே வசூல். 28 வாரம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பொங்கல் முடிந்து சம்பா அறுவடை மும்முரமாக நடந்தபோது, லோடுமேனாக வேலை பார்த்த அவர் கணவர் நெல் மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்தார். தொடையெலும்பு முறிவு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிளேட் வைத்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. 29வது வாரம் அந்த அம்மா கூட்டத்துக்குப் போகவில்லை.

குழுக் கடன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் வீட்டுப் பத்திரம், நகை எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படியே, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். ஆனால் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஆக, பிணையே இல்லை என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துப் பெண்களின் முகம்தான் அடமானம். வட்டிக்கடைக்காரரிடம் வைத்த நகை பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். இந்த அடமானம் தினமும் காலையில் எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டு நிற்கும்.

29வது வாரம் நடந்தது இதுதான். வசூலுக்கு வந்த பையன், “அந்த அக்கா வராம யாரும் எழுந்திரிக்கக் கூடாது” என்று ஒன்பது பேரையும் மண்டபத்திலேயே உட்கார வைத்துவிட்டான். வயல் வேலைக்குப் போக வேண்டியவர்கள், கைக்குழந்தைக்காரி எல்லோரும் மதியம் வரை அங்கேயே இருந்தார்கள். சாயங்காலம் அவனும் கிளை மேலாளரும் வீட்டுக்கே வந்தார்கள். வீட்டில் இருந்தது மாமியாரும், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகளும் மட்டும். வந்த இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் மற்ற பெண்கள் ஆளுக்கு 100 ரூபாய் போட்டுத் தவணையைக் கட்டினார்கள். ஒன்பது பேர், 900 ரூபாய். மீதி 30 ரூபாய்க்குக் கணக்கு யாரிடமும் இல்லை. நாலாவது வாரம் அவர்களாலும் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் வசூல் வேறு மாதிரி ஆனது. காலை ஆறே முக்காலுக்கு ஃபோன், ராத்திரி ஒன்பதே காலுக்கு ஃபோன். கல்லூரியில் இருக்கும் மகளுக்கு ஃபோன். வாட்ஸப்பில் குரல் செய்தி. அதில் ஒன்றை அப்படியே தருகிறேன்: “ஆதார லாக் பண்ணச் சொல்லி மேல அனுப்பியாச்சுக்கா. இனி உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வராது, உங்களுக்கு நூறு நாள் வேலையும் கிடையாது, ரேஷனும் கிடையாது. பாத்துக்குங்க.”

கடன் பாக்கிக்காக எந்த நிறுவனமும் யாருடைய ஆதாரையும் பூட்ட முடியாது. ரேஷனை நிறுத்தவும் முடியாது. உங்களுக்கும் எனக்கும் இது தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் குரலைக் கேட்கும் பெண்ணுக்குத் தெரியாது, தெரியாது என்பது பேசியவனுக்கும் தெரியும்.

அந்த அம்மா முதலில் போனது காவல் நிலையத்துக்கு. “கடன் வாங்கினா கட்டித்தானேம்மா ஆகணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் மகள் விவரமான பெண். மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுங்கள் என்று கேட்டு, நின்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். காவல் நிலையம் வேறு ஒன்றும் செய்யவில்லை என்றாலும், தேதி போட்ட அந்தச் சின்னத் துண்டுச் சீட்டு பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் எங்களுக்குச் சான்றாவணம் ஆயிற்று. வழக்குக்காக ஜோடித்த கதை இது என்று எதிர்த்தரப்பால் சொல்ல முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

என்னிடம் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “கடன் தள்ளுபடி ஆயிடுமா சார்?” என்பது. ஆகாது என்றேன். வசூலித்தவன் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்பதற்காகக் கடன் கரைந்துவிடாது. கடன் இருக்கிறது என்பதற்காக அவன் திண்ணையில் உட்காரவும் முடியாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. முதல் கணக்கில் நீங்கள் பாக்கி, இரண்டாவது கணக்கில் அவர்கள் பாக்கி, நான் வழக்குப் போடுவது இரண்டாவதற்கு மட்டும்தான் என்றேன். அவருக்கு முகம் கொஞ்சம் வாடியது. வழக்கு வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மகளைத் திரும்பிப் பார்த்தார். “எங்க வாசல்ல வந்து உட்காராம இருந்தா போதும் சார்” என்றார்.

அந்தப் பெண் கைப்பேசியில் அழைப்புப் பட்டியலை நாள்வாரியாகப் படம் எடுத்து வைத்திருந்தாள். குரல் செய்தி எதையும் அழிக்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தேவைப்பட்டது கடன் அட்டை. அது இவர்களிடம் இல்லை. குழுத் தலைவி எல்லோருடைய அட்டையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தன் வீட்டில் வைத்திருந்தார். பல ஊர்களில் இதுதான் வழக்கம். கேட்டதும் தரவில்லை. இரண்டு மூன்று தடவை அலைந்த பிறகு வாங்கி வந்தார்கள்.

பச்சை நிறத்தில் மடித்த கெட்டி அட்டை. ஓரம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்திருந்தது. முதல் பக்கம் பெயர், தொகை, வட்டி விகிதம், குறைகளைத் தெரிவிக்க ஒரு ஃபோன் எண். உள்ளே 52 கட்டம். கட்டத்துக்கு ஒரு தேதி, 870 என்று ஒரு எண், பக்கத்தில் வசூலித்தவரின் சுருக்கொப்பம். எண்ணிப் பார்த்தால் 31 கட்டங்களில் ஒப்பம் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் காசு போட்டுக் கட்டிய மூன்று வாரமும் அதில் அடக்கம். கடன் அட்டை என்பது நிறுவனம் பெரிய மனது பண்ணிக் கொடுக்கும் காகிதம் அல்ல. கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் அதில் ஒப்புகை இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே விதித்திருக்கிறது.

வக்கீல் நோட்டீஸை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வந்தது. தொந்தரவு எதுவும் செய்யவில்லை, வீட்டுக்குப் போனது நலம் விசாரிக்க, குற்றச்சாட்டு முழுப் பொய், 24 வாரத் தவணை 20,880 ரூபாயை உடனே கட்டாவிட்டால் தகுந்த நடவடிக்கை. அந்த 24 என்ற எண்ணைச் சிவப்பு மையில் சுழித்து வைத்தேன். அட்டைப்படி பாக்கி 21 வாரம். மூன்று வாரப் பணம், 2,610 ரூபாய், அட்டையில் இருக்கிறது, நிறுவனத்தின் கணக்கில் இல்லை.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. 2010-ல் ஆந்திராவில் நுண்கடன் வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்ததாக எழுந்த கொந்தளிப்பும், அந்த அக்டோபரில் அந்த அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதையொட்டித்தான் ரிசர்வ் வங்கி மாலேகம் குழுவை வைத்தது, நுண்கடன் நிறுவனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. இந்த வழக்கின்போது நடைமுறையில் இருந்த விதித்தொகுப்பு 2022 மார்ச் 14-ல் வெளியாகி, ஏப்ரல் 1 முதல் அமலானது. வங்கி, நிதி நிறுவனம் என்ற வேறுபாடு இல்லாமல் நுண்கடன் கொடுக்கும் எல்லோருக்கும் பொருந்தும். வசூல் பற்றி அது சொல்வது தெளிவானது. இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அந்த இடத்துக்கு வராதவரின் வீட்டுக்கோ வேலை பார்க்கும் இடத்துக்கோதான் பணியாளர் போகலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் ஃபோன் செய்யக் கூடாது. மிரட்டல், வசைச் சொல், உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்வது, பெயரை ஊரறிய வெளியிடுவது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவது எல்லாம் தடை. வசூலை வெளியாளிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையதே.

அந்தக் குரல் செய்தியை இந்த விதிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், எதைச் செய்யக் கூடாது என்று விதி சொல்கிறதோ அதைப் பார்த்து எழுதிப் பேசியது போலவே இருந்தது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்று சக வக்கீல் ஒருவர் சொன்னார். போகலாம், கட்டணமும் இல்லை. நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தின் கீழ் அப்போது மனு போட முடிந்தது. கணக்குத் தப்பு மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இது சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய விஷயம். அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே தேர்ந்தெடுத்தேன். 5 லட்சம் வரை அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

நிறுவனத்தின் பதிலுரை 18 பக்கம். அதில் பாதி எல்லா நிதி நிறுவனங்களும் எல்லா வழக்கிலும் போடுவது. ஓவர்லாக் மெஷின் வாங்கியது வணிக நோக்கம், ஆகவே இவர் நுகர்வோரே அல்ல என்றார்கள். சுயவேலை செய்து பிழைப்பதற்காக வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று 2019-ஆம் ஆண்டு சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. ஒப்பந்தத்தில் தங்கள் தலைமை அலுவலக ஊருக்குத்தான் அதிகாரம் என்று எழுதியிருக்கிறது என்றார்கள். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்பது பிரிவு 34. மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்ற ஷரத்தைக் காட்டினார்கள். அப்படி ஒரு ஷரத்து இருப்பது நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்று ஆப்தாப் சிங் வழக்கில் 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஒரு வாய்தா போதுமானதாக இருந்தது.

நேரம் பற்றிய வாதம்தான் சுவாரசியம். அழைப்புப் பட்டியலில் நிறைய அழைப்புகள் காலை எட்டே கால், எட்டரை என்று இருந்தன. சென்னையிலிருந்து வந்த எதிர்த்தரப்பு இளம் வக்கீல் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையை நீட்டி, காலை 8 முதல் மாலை 7 வரை ஃபோன் செய்ய அனுமதி இருக்கிறது, எட்டே காலுக்குப் பேசியது எப்படித் தவறு என்று கேட்டார். ஆணையத் தலைவரும் என்னைப் பார்த்தார். அந்தச் சுற்றறிக்கையின் நகலை எங்கள் தரப்பு ஆவணக்கட்டிலும் வைத்திருந்தேன். பொதுவான கடன்களுக்குத்தான் அந்த எட்டு, ஏழு கணக்கு. மார்ச் 14 விதித்தொகுப்பின் கீழ் வரும் நுண்கடனுக்கு இது பொருந்தாது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. அந்த வரியை அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். நுண்கடன் என்றால் ஒன்பது, ஆறு. தம்பி படித்துப் பார்த்துவிட்டு, “வேறு அழைப்புகள் குறித்து வாதிடுகிறேன்” என்றார். நல்ல பையன். அவருக்கு நிறுவனம் கொடுத்த கோப்பில் மார்ச் விதித்தொகுப்பே இல்லை என்று வராண்டாவில் சொன்னார். ஊர் முழுக்க நுண்கடன் கொடுக்கும் நிறுவனம் தன் வக்கீலுக்கே நுண்கடன் விதியைக் கொடுத்தனுப்பவில்லை என்றால், அந்தக் கலெக்‌ஷன் பையனுக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அந்தப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். பட்டப்படிப்பு முடித்துவிட்டு டியூ பைக்கில் ஊர் ஊராகச் சுற்றி வசூலிப்பவன். அவனுக்கும் மாதா மாதம் இலக்கு உண்டு. ஆரம்பத்தில் எல்லோரையும் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். குரல் செய்தியில் மிரட்டும்போதுகூட ‘க்கா’ போகவில்லை. வழக்கு நடக்கும்போதே வேலையை விட்டுப் போய்விட்டான். அவனை நான் தனிப்பட்ட எதிர்த்தரப்பாகச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பழி முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டு நிறுவனம் கைகழுவியிருக்கும்.

அட்டையும் அழைப்புப் பட்டியலும் சரி. மண்டபத்தில் மதியம் வரை உட்கார வைத்ததையும், திண்ணையில் எட்டு மணி வரை உட்கார்ந்ததையும் எப்படி நிரூபிப்பது? மகளும் மாமியாரும் வீட்டுக்காரர்கள்; அவர்கள் சாட்சியத்தை மட்டும் நம்பி நிற்க முடியாது. வெளியாள் ஒருவர் வேண்டும். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே நிறுவனத்தில் கடன் இருந்தது. எல்லோரும் வர மாட்டோம் என்றார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அடுத்த சுற்றுக் கடன் கிடைக்காமல் போகும் என்ற பயம்.

கடைசியில் வந்தது, நான் எதிர்பார்க்காத ஆள். அட்டைகளை மஞ்சள் பையில் வைத்திருந்த அதே குழுத் தலைவி. ஐம்பது வயதைத் தாண்டியவர். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார்: “நானும்தான் சார் அவ வாசல்ல போய் நின்னு கத்துனேன். ‘ஒன்னாலதான்டி நாங்க தெருவுல நிக்கிறோம்’னு கேட்டேன். அதையும் எழுதிக்கிங்க. அந்தத் தம்பி என்னையப் பாத்து, ‘நீங்க போய்க் கேளுங்க, நாங்க கேட்டா கேஸாயிடும்’னு சொல்லிதான் அனுப்புனான்.”

இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இந்த வசூல் முறையின் சூட்சுமமே இதுதான். நிறுவனத்து ஆள் குரலை உயர்த்தவே தேவையில்லை. அக்கம்பக்கத்தார் உயர்த்துவார்கள். நாங்கள் கையை வைத்தோமா, கெட்ட வார்த்தை பேசினோமா என்று பதிலுரையில் கம்பீரமாகக் கேட்கலாம். கையை வைத்துத் தூக்குகிற கதை வாகனக் கடனில்தான் அதிகம். அடியாள் பலத்தை வைத்து வசூல் செய்யாதீர்கள், சட்டப்படி போங்கள் என்று 2007-ல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வங்கிகளைக் கண்டித்தது அதைப் பற்றித்தான். நான் அந்தத் தீர்ப்பையும் காட்டினேன். அடியாளே இல்லாமல் அக்கம்பக்கத்தையே அடியாளாக்குவதும் அதே பலாத்காரம்தான் என்பது என் வாதம்.

தலைவியின் நிரூபண வாக்குமூலத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. கணவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாரே, கடனுக்குப் பிடித்த இன்சூரன்ஸ் என்ன ஆயிற்று என்று என் கட்சிக்காரர் கிளை மேலாளரைக் கேட்டிருக்கிறார். “அது செத்தாதான் வரும்” என்று அவர் பதில் சொன்னாராம். பாலிசிப்படி அது உண்மையும்கூட. மரணத்துக்கு மட்டும்தான் காப்பீடு. ஆனால் காலில் பிளேட் வைத்து ஒருவர் கட்டிலில் கிடக்கும் வீட்டில், அவர் காதில் விழும்படி சொன்ன உண்மை அது. ஆணையத்தின் பெண் உறுப்பினர் அந்தப் பத்தியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

எதிர்த்தரப்பு தலைவிக்கு வினாப்பட்டியல் கொடுத்தது. உங்களுக்கும் எங்கள் நிறுவனத்தில் கடன் பாக்கி இருக்கிறதா, புகார்தாரர் உங்களுக்கு உறவா, அவரிடம் பணம் வாங்கினீர்களா. கடன் இருக்கிறது, வாரா வாரம் கட்டுகிறேன், உறவில்லை, அவர்தான் எனக்கு 300 ரூபாய் தர வேண்டும் என்று பதில் எழுதினோம். மூன்று வாரம் போட்ட நூறு நூறு ரூபாய். நாங்கள் கொடுத்த வினாப்பட்டியலுக்கு நிறுவனம் சொன்ன பதில், அந்த மூன்று வாரத் தவணை ‘எழுத்துப் பிழையால் பதிவில் விடுபட்டது’ என்பது. விடுபட்ட பணம் எங்கே போனது என்று நான் நோண்டவில்லை. அட்டை சரி, கணக்கு தப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, பாக்கித் தொகையிலேயே பொய் சொல்லி வசூலித்தார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது.

தீர்ப்பு முழுக்க எங்கள் பக்கம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போனதே தவறு என்று நான் வாதிட்டேன். ஆணையம் பிரித்துப் பார்த்தது. 29வது வாரம் சாயங்காலம் போனது விதிமீறல், ஏனென்றால் ஒரு முறைதான் அவர் வராமல் இருந்தார். அதற்குப் பிந்தைய வருகைகளுக்கு விதியில் இடம் இருக்கிறது, ஆனால் இருட்டும் வரை உட்கார்ந்திருக்க இடமில்லை. சட்டப்படி அது சரியான முடிவுதான். மண்டபத்தில் உட்கார வைத்தது, நேரம் தப்பிய அழைப்புகள், மகளுக்குப் பேசியது, ஆதார் மிரட்டல், தப்பான கணக்கு எல்லாம் சேவைக் குறைபாடும் முறையற்ற வணிக நடைமுறையும் ஆகும் என்று தீர்ப்பு. மன உளைச்சலுக்கு 25,000, வழக்குச் செலவு 5,000. நான் கேட்டது 2 லட்சம். நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்குப் போடும் தொகை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஒரு கிளையின் அரை நாள் வசூல்கூட இல்லாத தொகைக்கு எந்த நிறுவனம் பயந்து தன் பழக்கத்தை மாற்றும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்று வாரத் தவணையை வரவு வைக்கவும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் திருத்திய விவரத்தை அனுப்பவும் உத்தரவானது. மீதி 21 வாரத் தவணை, 18,270 ரூபாயை, அபராதக் கட்டணம் இல்லாமல் பன்னிரண்டு மாதத் தவணையில் பெற்றுக்கொள்கிறோம் என்று எதிர்த்தரப்பு சொன்னதும் பதிவானது.

பிறகு ஒரு வேடிக்கை. மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அவர்கள் போகவில்லை. பணமும் கட்டவில்லை. நிறைவேற்று மனு போட்டேன். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று சொல்லும் பிரிவு 72-ஐக் குறிப்பிட்டதும் ஃபோன் வந்தது. நாங்கள் தர வேண்டியது 30,000, உங்கள் கட்சிக்காரர் தர வேண்டியது 18,270, கழித்துக்கொண்டு 11,730 தருகிறோம், இரண்டையும் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். கணக்குப்படி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கழித்து முடித்தால் சிபில் அறிக்கையில் கடன் ‘செட்டில்டு’ என்று ஏறக்கூடும். முழுதாகக் கட்டினால் ‘குளோஸ்டு’. முதல் வார்த்தை இருந்தால் அடுத்து எந்த வங்கியும் யோசிக்கும். இதைக் கட்சிக்காரரிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே, “கழிக்கல்லாம் வேணாம் சார். எங்கடன நாங் கட்டிக்கிறேன். அவங்க தண்டத்த அவங்க கட்டட்டும்” என்றார். அப்படியே நடந்தது. முழுத் தொகைக்கும் டி.டி. வந்தது. அதை வைத்துத்தான் கடனையும் கட்டினார். தலைவிக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் முந்நூறு முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது அதற்கும் முன்னால்.

இந்த வழக்கு முடிந்த பிறகு, 2025-ல், கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. மிரட்டி வசூலித்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இனி காவல் நிலையத்தில் “கட்டித்தானேம்மா ஆகணும்” என்று சொன்னால், அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு மனு ஏற்பு ரசீது கேளுங்கள். குழுக் கடன் எடுத்திருப்பவர்கள் கடன் அட்டையை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், உங்கள் பீரோவில் இருக்கட்டும். குரல் செய்தி எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு புகார், அதன் நகல் கையில். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு மேல் ஆனால், தாமதத்துக்குத் தனியாகக் காரணம் சொல்லி மனு போட வேண்டியிருக்கும்.